"நாங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடினனாங்கள்": ஒரு பழைய ஜீப்பும் எரிபொருளின் வரலாறும்

2022 இல் பெற்றோல் செட் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வசனம் புதிதாக இருக்காது. "இதென்ன தட்டுப்பாடு? நாங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடினனாங்கள்." வெயிலில் அரைநாள் நின்று களைத்துப்போன பெடியளைப் பார்த்து, வயதில் மூத்த யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு பெருமை இருக்கும். கேட்கிற எங்களுக்கும் அந்தப் பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதோடு கதை முடிந்துவிடும். எப்படி ஓடினார்கள், எந்த இஞ்சினில் ஓடினார்கள், ஓடின இஞ்சினுக்கு என்ன நடந்தது, அதைத் திருத்தியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது ஒரு சிக்கல். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். தாக்குதல்கள், இடப்பெயர்வு, பேச்சுவார்த்தை எல்லாவற்றுக்கும் பக்கங்கள் உண்டு. ஆனால் அந்த ஐந்து வருடமும் ஒரு சமூகத்தின் சில்லுகளைச் சுற்றவைத்த மெக்கானிக்குகளுக்கு ஒரு பந்தியும் இல்லை. அவர்களுடைய அறிவு பெருமையாகப் பேசப்படுகிறதே ஒழிய, அறிவாக எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டதால் அந்தப் பெருமையும் பிழையான இடத்துக்குப் போய்விட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவது. அதற்கு முதலில் ஒரு பழைய ஜீப்பின் பொனற்றைத் திறக்கவேண்டும்.

ஜீப் இங்கே வந்த வழி

எங்கட ஊரில் உயரமான, நாலு சில்லும் இழுக்கிற எந்த வாகனமும் ஜீப்தான். பஜிரோவும் ஜீப், லாண்ட் குறூசரும் ஜீப். அந்தப் பெயருக்குச் சொந்தமான வாகனம் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. 1941 இலிருந்து 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரண்டு கம்பனிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசநாட்டுக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. இராணுவத்தின் வரவோடு ஜீப்புகளும் இலங்கைத் தெருக்களில் பழகிப்போயின.

1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் பிரித்தானியாவின் லாண்ட் றோவர் வெளிவந்தது. அதன் முதல் மாதிரி வடிவம் ஒரு ஜீப்பின் சட்டகத்தின் மேல்தான் கட்டப்பட்டது. தோட்டம், காடு, அரச திணைக்களம், பொலிஸ் என்று லாண்ட் றோவர் இலங்கையின் எல்லா மூலைக்கும் போனது.

இந்த வாகனங்களின் இரண்டு குணங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அவை மோசமான எரிபொருளையும் சகித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. இஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் எவ்வளவு நெருக்கப்படுகின்றன என்பதை அமுக்க விகிதம் என்பார்கள். வில்லிஸ் ஜீப்பில் அது 6.48 க்கு 1. இன்றைய பெற்றோல் கார்களில் 10 க்கு 1, அதற்கும் மேல். இரண்டாவது, அவற்றின் எரிபொருள் வழி முழுவதையும் கண்ணால் பார்க்கலாம், கையால் கழற்றலாம். தாங்கி, குழாய், பம், காபுரேற்றர், அவ்வளவுதான். இடையில் கணினி கிடையாது.

காபுரேற்றர் செய்கிற வேலையும் பெரிய இரகசியம் இல்லை. இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று ஒடுக்கமான ஒரு கழுத்துக்குள்ளால் வேகமாகப் போகும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அந்தக் குறைவு பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கிற பெற்றோலை ஜெற் என்கிற சின்னத் துளையால் இழுத்துக் காற்றோடு கலக்கும். கிண்ணத்தில் பெற்றோலின் மட்டத்தை ஒரு மிதவையும் ஒரு ஊசி வால்வும் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் இருக்கிற மிதவை வால்வின் அதே தத்துவம்தான்.

கோளாறு பிடிக்கிற முறை

இனி ஒரு உண்மையான பழுதைப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் ஒரு லாண்ட் றோவர் சீரிஸ் 2ஏ நிற்கிறது. 1960களின் வாகனம், 2.25 லீற்றர் பெற்றோல் இஞ்சின். காலையில் ஒரே தரத்தில் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிடம் அழகாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, ரெண்டு தரம் இருமி, நின்றுவிடும். கால்மணித்தியாலம் விட்டுவிட்டு அடித்தால் பிறகும் ஸ்டார்ட். பிறகும் பத்து நிமிடம். உரிமையாளர் ஏற்கெனவே ரெண்டு இடத்தில் காட்டியிருந்தார். ஒரு இடத்தில் கொயிலை மாற்றினார்கள். மற்ற இடத்தில் காபுரேற்றரைக் கழுவி, உள்ளுக்குப் புதுச் சாமான் போட்டார்கள். காசு போனது, பழுது போகவில்லை.

கடைசியாக வாகனம் வந்து சேர்ந்தது எழுபதை நெருங்குகிற ஒரு மெக்கானிக்கிடம். ஊரில் எல்லாருக்கும் அவர் மெக்கானிக் ஐயா. நான் அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் முதலில் ஒரு ஸ்பானரையும் தொடவில்லை. "ஓடட்டும், அது தானா நிக்கட்டும். நிக்கிற நேரத்திலதான் வருத்தத்தைப் பாக்கலாம்" என்றார்.

நின்றதும் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் கொழுவி, இஞ்சினின் இரும்பில் முட்டவைத்துச் சுற்றிப் பார்த்தார். நீலப் பொறி நன்றாக வந்தது. பிளக்கின் முனை காய்ந்திருந்தது. அப்படியென்றால் மின்சாரப் பக்கம் குற்றமில்லை, எரிபொருள் வரவில்லை. அடுத்தது, காபுரேற்றருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டார். இந்த இஞ்சினின் பம்மில் கையால் அடிக்கிற ஒரு சின்ன நெம்பு உண்டு. அதை அடித்தபோது பெற்றோல் பாயவேண்டிய இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு தரம் காசு செலவழித்துக் கழுவப்பட்ட காபுரேற்றர் இந்த வழக்கிலிருந்து அப்போதே விடுதலை.

இனி மூன்று சந்தேக நபர்கள். முதலாவது சூடு. பம்முக்குள்ளோ குழாய்க்குள்ளோ பெற்றோல் கொதித்து ஆவியாகிவிட்டால் பம் ஆவியைத்தான் தள்ளும், திரவத்தைத் தள்ளாது. ஆறினால் திரும்பவும் வேலை செய்யும். இந்த வாகனத்தின் குணமும் ஏறத்தாழ அதுதான். அதனால் நனைத்த சாக்கைப் பம்மின் மேல் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தார். மாற்றமில்லை. இரண்டாவது தாங்கி மூடி. மூடியில் காற்று போகிற துளை அடைபட்டால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம் இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓடிப் பார்த்தார். மாற்றமில்லை. மூன்றாவது, தாங்கிக்கும் பம்முக்கும் இடையில் ஒரு அடைப்பு.

பம்மின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. ஊத்தை அடையட்டும் என்று அந்தக் காலத்தவர்கள் வைத்தது. அதற்குள் செம்மண் போல மெல்லிய ஒரு படிவு. மெக்கானிக் ஐயா தாங்கியிலிருந்து வருகிற குழாயைப் பம்மிலிருந்து கழற்றி, சைக்கிள் பம்மால் பின்பக்கமாகக் காற்றடித்தார். சீற்றுக்குக் கீழே இருக்கிற தாங்கிக்குள் குமிழ் கொதிக்கிற சத்தம் கேட்டது. குழாயைப் பூட்டி ஓடவிட்டார். பத்து நிமிடம் நல்ல ஓட்டம், பிறகு நின்றது. திரும்பவும் காற்றடித்தார், திரும்பவும் பத்து நிமிடம். "ஒருக்கா நடந்தா அது தற்செயல் பிள்ளை. ரெண்டு தரம் நடந்தாத்தான் சாட்சி."

பிடி கிடைத்துவிட்டது. தாங்கிக்குள் உறிஞ்சுகுழாயின் நுனியில் ஒரு வலை. ஓடும்போது துருத்தூள் அந்த வலையில் போய் ஒட்டி அடைக்கிறது. நின்றால் இழுவை இல்லை, தூள் விழுந்துவிடுகிறது, வழி திறக்கிறது. தாங்கியைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் துரு, அதன் மேல் பழைய பெற்றோல் காய்ந்து உண்டான பிசின். 2022 இல் மாதக்கணக்காகக் கொஞ்சப் பெற்றோலோடு நின்ற வாகனம் அது. பாதிக்கு மேல் வெறுமையான இரும்புத் தாங்கியில் ஈரக்காற்று புகுந்தால் துரு வராமல் என்ன செய்யும்?

தாங்கியைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வலையைத் துப்புரவாக்கி, வெடித்துப்போயிருந்த ரப்பர்க் குழாயை மாற்றி, இடையில் ஒரு பில்ரரும் போட்டதோடு வேலை முடிந்தது. அன்று அவர் சொன்ன இரண்டு எச்சரிக்கைகளையும் எழுதிவைக்கிறேன். வெறும் பெற்றோல் தாங்கியைப் பக்கத்தில் நெருப்போடு அண்டக்கூடாது, வெல்டிங்கும் பிடிக்கக்கூடாது; நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறுந்தாங்கிதான் வெடிக்கும். குழாயில் வாய் வைத்து எரிபொருளை உறிஞ்சக்கூடாது. பெற்றோலோ மண்ணெண்ணெயோ சுவாசப்பைக்குள் போனால் ஆளைக் கொல்லும்.

இதில் நான் கவனித்தது ஒழுங்கு. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுவது, ஒவ்வொரு சோதனையும் ஒரு சந்தேகத்தை நீக்கும்படி பார்த்துக்கொள்வது, கிடைத்த முடிவைத் திரும்பவும் செய்து உறுதிப்படுத்துவது. ஆய்வு முறையியல் என்று எங்களுக்கு ஒரு பாடமே இருக்கிறது. அதை அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். "தடைக்குள்ள" என்றார்.

1990: தடை

1990 யூனில் போர் திரும்பவும் தொடங்கியது. குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். வடக்குக்குப் போகிற பொருட்களுக்கு அரசு நீண்டதொரு தடைப் பட்டியல் போட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் அதில் இருந்தன. மின்சாரம் இல்லை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, வெளியுலகத்துக்கான வழி கிளாலிக் கடலேரிப் படகுகளாகச் சுருங்கியது. 1995 வரை குடாநாட்டின் வாழ்க்கை இதுதான். வன்னிக்கு இந்தத் தடை 2002 ஜனவரி வரை நீண்டது.

மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு, கொஞ்சமாக, பெரிய விலைக்குக் கிடைத்தது. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. எனவே கேள்வி எளிமையானது. பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட இஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எப்படி?

இரண்டும் ஒரே மசகெண்ணெயிலிருந்து வடிக்கப்படுகிறவைதான். வித்தியாசம் ஆவியாகிற வெப்பநிலையில் இருக்கிறது. பெற்றோலின் இலேசான பகுதி 40 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகைக்கு மேல் வேண்டும். இஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல, ஆவி. ஆகவே குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் பிடிக்காது. அதற்கான விடை, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்திருந்து, சேலைன் ரியூப் போன்ற மெல்லிய குழாயால் காபுரேற்றருக்குள் சில துளி விட்டு உதைப்பார்கள். இஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய் வழியைத் திறப்பார்கள். வெள்ளைப் புகை கிளம்பும், கண் எரியும், ஆனால் சில்லு சுற்றும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், சின்ன ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இப்படித்தான் ஓடின.

இது வானத்திலிருந்து விழுந்த கண்டுபிடிப்பா?

இல்லை. பெருமைக் கதையில் விடுபட்டுப்போகிற முதலாவது விசயம் இது. 1917 இல் வெளிவந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரமே மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானியாவில் 1970கள் வரை உழவு இயந்திரங்களுக்கென்று மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த தனி எரிபொருள் ஒன்று விற்கப்பட்டது. அந்த இயந்திரங்களில் ரெண்டு தாங்கி இருக்கும், ஒரு திருகி இருக்கும். பெற்றோலில் தொடங்கி, புகைபோக்கியின் சூட்டில் எரிபொருளைச் சூடாக்கி, பிறகு திருகியை மாற்றுவார்கள். நிறுத்த முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, காபுரேற்றருக்குள் பெற்றோலை நிறைத்துவிட்டு நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது.

எங்கட ஊருக்கு இந்த அறிவு வந்த வாசல் தோட்டம். துலா மிதித்து இறைத்த இடத்தில் இறைப்பு மிசின் வந்தபோது, அதோடு மண்ணெண்ணெயும் வந்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த அந்த மிசின்களில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது பல வருடப் பழக்கம். 1990 இல் பெற்றோல் நின்றபோது தோட்டத்தில் இருந்த அறிவு தெருவுக்கு வந்தது. கார் மெக்கானிக்கும் தோட்டக்காரரும் பேசிக்கொண்டார்கள். கெட்டித்தனம் என்பது ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்காது, ஏற்கெனவே கையில் இருக்கிற ஒன்றை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோகத் தெரிவதில்தான் பிறக்கும்.

இரண்டாவது விசயம் இஞ்சினின் வயது. மண்ணெண்ணெய் நெருக்கத்தைத் தாங்காது. நேரத்துக்கு முந்தி வெடித்து, சுத்தியலால் தட்டுகிற மாதிரி நொக்கிங் சத்தம் வரும். அமுக்க விகிதம் குறைந்த இஞ்சினில் அந்தப் பிரச்சினை குறைவு. கராஜ் மூலையில் கறல் பிடித்துக் கிடந்த பழைய மொறிஸும் ஒஸ்ரினும் 1990க்குப் பிறகு திடீரென்று மதிப்புப் பெற்றதன் காரணம் இதுதான். பழசு என்று ஒதுக்கப்பட்டதற்கு எந்தக் குணம் காரணமோ, அதே குணம் அவற்றைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

யார் கட்டிய விலை?

இனிப் பெருமைக் கதை சொல்லாத பக்கம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே இருக்கிற இஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். ஊற்றாத ஒயில் கூடியிருக்கிறதே என்று சந்தோசப்பட முடியாது, அது வருத்தம். தண்ணிபோலான ஒயில் இரும்பைக் காப்பாற்றாது. பெயரிங்கும் றிங்கும் தேயும். பிளக்கில் கரி படியும். அடிக்கடி ஒயில் மாற்றவேண்டும், ஆனால் தடைக்குள் ஒயிலும் இலகுவாகக் கிடைக்காது. ஆகவே ஓடிய ஒவ்வொரு வாகனமும் தன்னைத்தானே தின்றுகொண்டுதான் ஓடியது. மெக்கானிக்கின் வேலை திருத்துவது என்பதைவிட, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது என்றால் சரியாக இருக்கும்.

அதைவிட முக்கியம், அந்த மண்ணெண்ணெய் யாருடையது என்பது. வாகனத்துக்குள் போன அதே மண்ணெண்ணெய்தான் வீட்டு விளக்கின் மண்ணெண்ணெய், அடுப்பின் மண்ணெண்ணெய், தோட்டத்து மிசினின் மண்ணெண்ணெய். ஒரு துளி கூட வீணாகக்கூடாது என்று ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. பங்கீட்டு வரிசையில் கானோடு நின்ற அம்மாக்கள் அந்தக் கொஞ்சத்தைச் சமையலுக்கும் படிப்புக்கும் பயணத்துக்கும் பிரித்தார்கள். "ஓடினனாங்கள்" என்று சொல்லும் குரல் பெரும்பாலும் ஆண் குரல். பிரித்துக்கொடுத்தவர்கள் அந்த வசனத்துக்குள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தடைக்குள் எப்படிச் சமாளித்தோம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால், தடை என்பது ஏதோ மழை வெள்ளம் மாதிரித் தானாக வந்ததாகிவிடும். அது ஒரு அரசு தன்னுடைய குடிமக்களுக்கு எதிராக எடுத்த முடிவு. எங்கட கெட்டித்தனத்தைக் கொண்டாடுகிற வேகத்தில் அந்த முடிவை எடுத்தவர்களை மறந்துவிடக்கூடாது.

இன்றைக்கு ஏன் முடியாது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் இலங்கை முழுவதும் பழைய ஜீப்புகளைத் திருத்தித்திருத்தி ஓட்டியது. இடையில் 2022. கியூஆர் அட்டை வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கும் ஜீப்புக்கும் 20 லீற்றர். மண்ணெண்ணெயும் காப்பாற்றவில்லை. அந்த ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. கடற்றொழிலாளர்களின் படகுகள் கரையிலேயே நின்றன.

அந்த நேரத்தில் "அப்ப ஓடினதுதானே, இப்பவும் ஓடும்" என்ற யோசனை பலருக்கு வந்தது. ஆனால் இஞ்சின் மாறிவிட்டது. ஜீப் செரோக்கி 1984 மாடலில் காபுரேற்றரோடு வந்து, 1987 இல் 4 லீற்றர் இஞ்சினில் ஊசிமூலம் எரிபொருள் பீச்சுகிற முறைக்கு மாறியது. எல்லாக் கம்பனிகளும் கொஞ்சம் முன்பின்னாக அதே பாதையில் போயின. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் காபுரேற்றரைக் கொன்றன. இப்போது பம் தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் வழுவழுப்பாக்குவதும் அந்த எரிபொருள்தான். அடிமட்டத்தில் பெற்றோலை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக ஓடினால் பம் சூடேறிக் கெடும். புகைபோக்கியில் ஒட்சிசன் உணரி, அதற்குப் பக்கத்தில் வினையூக்கி மாற்றி. மண்ணெண்ணெய்க் கரி ரெண்டையும் பாழாக்கும். புதிய டீசல் ஜீப்புகளில் எரிபொருள் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. அந்த நுண்ணிய துளைகளுக்குள் கொஞ்சம் தண்ணீரோ ஊத்தையோ போனால் செலவு இலட்சக்கணக்கில்.

கோளாறு பிடிக்கிற முறை மட்டும் மாறவில்லை. சாவியைத் திருப்பியதும் தாங்கிக்குள் ரெண்டு செக்கன் பம்மின் இரைச்சல் கேட்கிறதா? இல்லையென்றால் பியூஸ், றிலே, வயர், பம் என்று ஒவ்வொன்றாகப் பார். கேட்கிறதென்றால் அழுத்தமானியைப் பூட்டி அளந்து பார். அழுத்தம் குறைவென்றால் பில்ரரா, சீராக்கியா, பம்மா? அழுத்தம் சரியென்றால் பீச்சிகளைப் பார். கணினியில் வருகிற குறியீட்டு இலக்கம் ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. இலக்கத்தைப் பார்த்ததும் சாமானை மாற்றுகிறவருக்கும், பழுது என்றதும் காபுரேற்றரைக் கழுவினவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே தடைக்காலத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது "மண்ணெண்ணெய் ஊத்தினால் ஓடும்" என்ற முடிவை அல்ல. அந்த முடிவு அந்த இஞ்சின்களுக்கும் அந்த வருடங்களுக்கும் உரியது. அந்த முடிவுக்குப் போய்ச்சேர்ந்த வழிதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற சொத்து. கையில் என்ன இருக்கிறது, அதன் குணம் என்ன, எந்தச் சோதனை எந்தச் சந்தேகத்தை நீக்கும், என்ன விலை கொடுக்கவேண்டிவரும் என்று பொறுமையாகப் பார்க்கிற வழி.

கேட்டு எழுதவேண்டிய நேரம்

1990 இல் இருபத்தைந்து வயதில் கராஜ் வைத்திருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. பலர் வெளிநாட்டில், பலர் இல்லை. அவர்களிடம் வரைபடம் கிடையாது, குறிப்புப் புத்தகம் கிடையாது. ஜெற் துளையை எவ்வளவு பெருப்பித்தார்கள், பொறி விழுகிற நேரத்தை எவ்வளவு பிந்தவைத்தார்கள், தலைக்குக் கீழே எத்தனை கஸ்கற் போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய கையிலும் காதிலும்தான் இருக்கிறது.

எங்கள் பீடத்தில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற நேரம் வரும்போது எல்லாரும் சுவடிக்கூடத்துக்கு ஓடுகிறோம். அடுத்த முறை சந்திக் கராஜ் வாசலிலும் ஒருக்கா நின்று பார்க்கலாம். "நாங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடினனாங்கள்" என்று யாராவது தொடங்கினால், தலையாட்டிவிட்டு வராமல் கேளுங்கோ: எந்த வாகனம், எந்த வருடம்? முதல் துளிப் பெற்றோல் எங்கேயிருந்து வந்தது, என்ன விலை? எத்தனை மைலுக்கு ஒருக்கா ஒயில் மாற்றினீர்கள், எந்த ஒயில்? முதலில் தேய்ந்தது எது, அதற்குச் சாமான் யார் கடைந்து தந்தார்? அந்த மண்ணெண்ணெய் வராவிட்டால் அன்று வீட்டில் எந்த விளக்கு எரிந்திராது?

பதிலைக் கேட்டவுடன் எழுதிவைத்துவிடுங்கோ. ஆண்டைப் போடுங்கோ, ஊரைப் போடுங்கோ, இஞ்சினின் பெயரைப் போடுங்கோ. இன்னொருவரிடமும் அதையே கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கோ. மெக்கானிக் ஐயா சொன்ன மாதிரி, ரெண்டு தரம் நடந்தால்தான் சாட்சி.